ஆப்பா, குழுவா, பல்லாங்குழியா? டிமென்ஷியா உள்ளவருக்கு எந்த மூளை விளையாட்டு

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு டாக்டர் டொனெபெசில் மாத்திரையை எழுதிக் கொடுப்பார். நாம் எழுந்திருக்கும் நேரத்தில், "மூளைக்குக் கொஞ்சம் வேலை குடுங்க, சும்மா உக்கார வைக்காதீங்க" என்பார். அந்த ஒரு வரியோடு வீடு திரும்பும் குடும்பத்துக்கு அப்புறம்தான் குழப்பம் தொடங்கும். மைத்துனர் சுடோகு என்பார். வெளிநாட்டிலிருக்கும் மகன் டேப்லெட்டில் மூளைப் பயிற்சி ஆப் போட்டு அனுப்புவான். எதிர்வீட்டு அக்கா, எங்கோ ஒரு டே கேர் சென்டரில் பத்துப் பேரை உட்காரவைத்து ஏதோ நடத்துகிறார்களாம் என்பார். ஊரிலிருந்து வரும் சித்தி, "அவளுக்குப் பல்லாங்குழி எடுத்துக் குடுங்கடா, தானா விளையாடுவா" என்பாள்.

எல்லாவற்றையும் மூளை விளையாட்டு என்று ஒரே பெயரில்தான் சொல்கிறோம். ஆனால் செலவு, பலன், வீட்டில் யாருடைய நேரத்தைத் தின்னும் என்பதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் இருப்பவர்களை மனதில் வைத்து இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். படுக்கையோடு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பாட்டும், தொடுகையும், பழகிய குரலும் வேண்டும். அது வேறு பேச்சு.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். எந்த விளையாட்டும் டிமென்ஷியாவை நிறுத்தாது, போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் "குணமாக்கும்" என்று சொல்லி விற்பவர்கள் வரத்தான் செய்வார்கள். விளையாட்டால் கிடைக்கக்கூடியது கொஞ்சம் கூடுதல் பேச்சு, கொஞ்சம் தெளிவு, நல்ல ஒரு காலைப்பொழுது. என்னைக் கேட்டால் அது சின்ன விஷயமே இல்லை. ஆனால் அதற்கு மேல் ஆசைப்பட்டுக் காசைக் கொட்டக்கூடாது.

ஆப் வழி

ஆப்பின் கவர்ச்சி புரிகிறது. உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும், மதிப்பெண் காட்டும், நாம் அடுக்களையில் இருக்கும்போது அவர் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை தரும்.

ஆப் விற்பவர்கள் காட்டும் ஆதாரத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 'ஆக்டிவ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேர் சேர்ந்தார்கள். திரையில் தோன்றி மறைவதைச் சட்டென்று பிடிக்கும் வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு, பத்து ஆண்டுகளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு 29 சதவீதம் குறைந்ததாக 2017இல் எழுதினார்கள். ஆப் விளம்பரங்களுக்குப் பின்னால் நிற்பவை பெரும்பாலும் இந்த மாதிரி ஆய்வுகள்தான். ஆனால் சேரும்போது அந்த 2,832 பேருக்கும் டிமென்ஷியா கிடையாது. வராமல் தடுக்க உதவுமா என்பது ஒரு கேள்வி. வந்தவருக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலைக் காட்டி இரண்டாவது கூட்டத்திடம் சந்தா வாங்குகிறார்கள்.

தடுப்பு விஷயத்திலேயே மிகைப்படுத்தி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. லுமாசிட்டி ஆப்பை நடத்தும் லுமோஸ் லேப்ஸ் நிறுவனம், முதுமை மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போட உதவும் என்கிற தொனியில் விளம்பரம் செய்தது. அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சரி, வந்தவருக்கு? நினைவு, கவனம் என்று ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகத் திரும்பத் திரும்பப் பழக்குவதை மருத்துவத்தில் அறிவாற்றல் பயிற்சி என்பார்கள். ஆப்புகள் செய்வது இதைத்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் தொகுப்பு, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட இது ஓரளவு மேல் என்றது. வேறு ஏதாவது ஒரு செயலில் ஈடுபடுத்துவதைவிட மேலா என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கறாரானது: டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் லேசான, நடுத்தர நிலையில் இருந்தால் அதற்குச் சிகிச்சையாக இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது.

ஆய்வுகளைத் தள்ளி வைத்தாலும் நடைமுறையில் சில தொல்லைகள் உண்டு. ஆப் தோல்வியை மறைக்காது. சிவப்பு நிறம், 'டொய்ங்' என்ற சத்தம், "மீண்டும் முயலுங்கள்". நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவரைத் திரை காலையில் பத்து முறை தப்பு என்று சொன்னால், பதினோராம் முறை அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அடுத்தது, இலவச விளையாட்டுகளில் நடுநடுவே குதிக்கும் விளம்பரங்கள். எதைத் தொட்டால் எங்கே போகும் என்று நமக்கே தெரியாது. வங்கி ஆப்பும் யுபிஐயும் இருக்கும் போனை அவர் கையில் கொடுக்கவே கூடாது.

அதற்காக ஆப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலைக்காலம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு இருந்தவர், ஆரம்ப நிலையில் இருப்பவர், அவரே விரும்பி எடுக்கிறார் என்றால் விளையாடட்டும். விளம்பரம் வராத ஒன்று, பெரிய எழுத்து, மதிப்பெண்ணை அணைத்துவைக்கும் வசதி, பக்கத்தில் ஒரு ஆள். அந்த ஆளால்தான் பாதிப் பலன் என்பது என் அனுமானம்.

குழுவாக உட்காருவது

ஆதாரம் என்று பார்த்தால் மருந்தில்லா வழிகளில் முன்னால் நிற்பது அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை. சுருக்கமாக சிஎஸ்டி என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஏமி ஸ்பெக்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. 2003இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் 201 பேர். வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஐந்திலிருந்து எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். குழுவுக்கு அவர்களே ஒரு பெயர் வைப்பார்கள், ஒரு பாட்டு வைத்துக்கொள்வார்கள். பலகையில் இன்றைய நாள், தேதி, வானிலை. அப்புறம் அன்றைய தலைப்பு: சிறுவயது, சாப்பாடு, சத்தங்கள், பணம் எண்ணுதல், சொல் விளையாட்டு, பந்து உருட்டுதல் இப்படி.

பார்த்தால் எல்.கே.ஜி. வகுப்பு மாதிரி தெரியும். வித்தியாசம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. சிஎஸ்டியில் சரியான பதிலைக் கேட்பதைவிட அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். "இந்தியாவின் முதல் பிரதமர் யார்?" என்று கேட்டால் தெரியாதவர் சுருங்கிப்போவார். நேருவின் படத்தையும் காமராஜரின் படத்தையும் மேஜையில் வைத்து, "இவங்க ரெண்டு பேர்ல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் அந்த அறையில் யாருமே தோற்க மாட்டார்கள். ஒருவர் காமராஜர் மதிய உணவைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் அவர் வேட்டி கட்டிய விதத்தைப் பற்றிப் பேசுவார். பதில் தப்பாக முடியாத கேள்விதான் பேச்சை இழுத்துக்கொண்டு வரும்.

37 ஆய்வுகள், 2,766 பேர் என்று 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பு இந்த வகைத் தூண்டலை அலசியது. 30 மதிப்பெண்ணுக்கான வழக்கமான நினைவுத் தேர்வில் சுமார் 2 மதிப்பெண் வித்தியாசம். மெதுவாக நடக்கும் இறக்கத்தில் ஏறக்குறைய ஆறு மாதத்தைத் தள்ளிப்போட்டதற்குச் சமம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும், வாரம் இரண்டு முறையாவது கூடிய குழுக்களுக்கும் பலன் கூடுதல். அறிவாற்றல் பயிற்சி வேண்டாம் என்ற அதே நைஸ் வழிகாட்டி, இதை எல்லா லேசான, நடுத்தர டிமென்ஷியா நோயாளிகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது.

தமிழிலும் இது வந்திருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியா ரிசர்ச் ஃபவுண்டேஷன், தன் டிமென்ஷியா பிரிவின் மூலம் சிஎஸ்டியைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி நடத்திப் பார்த்தது. பிரேசில், இந்தியா, தான்சானியா என மூன்று நாடுகளில் நடந்த சர்வதேசத் திட்டத்தில் இந்தியாவின் பங்கு சென்னையில்தான் நடந்தது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய, டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் குடும்பங்களுக்கும் உதவும் ஏஆர்டிஎஸ்ஐ அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

குறை எங்கே என்றால், மையம் பக்கத்தில் இருக்க வேண்டும். தேனியிலோ அறந்தாங்கியிலோ இருப்பவருக்கு இதெல்லாம் செய்திதான். சென்னைக்குள்ளேயே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வாரம் இரண்டு முறை ஆட்டோ பிடிப்பது லேசான காரியமா? காது சரியாகக் கேட்காதவர் குழுவில் தனித்துப் போவார். முதலில் காதையும் கண்புரையையும் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கூச்ச சுபாவிகள், வாழ்நாள் முழுக்க நாலு பேர் நடுவில் பேசாத பெண்கள், முதல் சில அமர்வுகளில் வாயே திறக்க மாட்டார்கள். அதை வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது.

வீட்டிலேயே, தாயமும் பல்லாங்குழியும்

சித்தி சொன்னதில் உண்மை இருக்கிறது. நேற்று நடந்ததை வைத்திருக்கும் நினைவு அல்சைமரில் முதலில் போகும். கை பழகிய வேலைகளின் நினைவு மூளையில் வேறு பாதையில் ஓடுகிறது. அது வெகுகாலம் தாங்கும். பேரன் பெயரைத் தடுமாறும் பாட்டி, பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டே போவது இதனால்தான். என் மாமியார் தாயக்கட்டையை உருட்டுமுன் இரண்டு கட்டையையும் உரசுவார். யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, கைக்கே தெரியும். பாதிப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள்: "ஆழம் தெரியாமல்..." என்றால் "காலை விடாதே" என்று வந்து விழும். புள்ளிக் கோலமும் அப்படித்தான். புதிதாக விதி கற்றுக்கொள்ள வேண்டிய சுடோகு இந்த வரிசையில் சேராது. முன்பே பேப்பரில் சுடோகு போட்டுப் பழகியவருக்கு மட்டும் சரி.

எந்த விளையாட்டு என்பதிலும் தேர்வு இருக்கிறது. எனக்குப் பிடித்தது பரமபதம். அதில் திறமைக்கு வேலையே இல்லை, பாம்பு யாரை வேண்டுமானாலும் கடிக்கும். ஆறு வயதுப் பேத்தியும், எண்பது வயதுத் தாத்தாவும், அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் தங்கையும் சமமாகிவிடுவார்கள். தாயத்தில் கொஞ்சம் எண்ணிக்கை, கொஞ்சம் வெட்டு. ஆரம்ப நிலைக்கு நன்றாக இருக்கும். ஆடு புலி ஆட்டம் நாலைந்து நகர்வுகளை முன்கூட்டி யோசிக்க வைக்கும். ஒரு காலத்தில் அதில் புலியாக இருந்தவருக்கு இப்போது ஆட்டைப் பிடிக்கத் தெரியவில்லை என்பது வலிக்கும். சீட்டில் ரம்மியை விட்டுவிட்டு, பூ வாரியாகப் பிரித்து அடுக்குவது, கழுதை ஆடுவது என்று இறங்கலாம். பல்லாங்குழியில் குழிக்கு மூன்று காய் போதும்.

காய்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பெட்டிகளில் குன்றிமணி கிடக்கும், சிவப்பும் கறுப்புமாக. அது விஷம்; மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நோய் முற்ற முற்றக் கையில் கிடைப்பதை வாயில் போடும் பழக்கம் சிலருக்கு வரும். எனவே குன்றிமணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய சோழியை வையுங்கள். அதையும் விழுங்கிவிடுவார் என்ற நிலை வந்தால் அந்த விளையாட்டையே நிறுத்திவிட வேண்டும்.

டிமென்ஷியாவில் வகைகள் உண்டு. அதைப் பொறுத்தும் மாறும். லூயி பாடி வகையில் கண் பார்த்ததை மூளை சரியாகச் சேர்க்காது, இல்லாததும் தெரியும். நெருக்கமான கட்டமும் படமும் நிறைந்த பலகை அவரைக் குழப்பும். அவருக்குப் பாட்டும் பேச்சும் மேல். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு விதி, முறை, காத்திருப்பு எதுவும் பிடிபடாது. அவரோடு பலகை விளையாட்டு ஆடுவது சண்டையில் முடியும், பந்து எறிந்து பிடிப்பது நடக்கும். நேரமும் முக்கியம். பலருக்குச் சாயங்காலம் ஆனால் படபடப்பு கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். காலை டிபனுக்குப் பிறகுதான் விளையாட்டுக்கு நல்ல வேளை.

வீட்டு வழியின் உண்மையான விலை பலகையில் தெரியாது. யார் உட்காருவது? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, துணி மாற்றி, நடுவே தன் வேலையையும் பார்ப்பவர் தினமும் அரை மணி நேரம் சிரித்த முகத்தோடு தாயம் உருட்ட வேண்டும். பிரிட்டனில் 2017இல் 356 ஜோடிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வீட்டு ஆளே வாரம் மூன்று முறை தூண்டல் விளையாட்டுகளை நடத்துவது என்பது திட்டம். பலரால் அந்த அளவுக்கு உட்கார முடியவில்லை. நோயாளியின் அறிவாற்றலில் முன்னேற்றமும் தெரியவில்லை. ஆனால் கவனித்துக்கொள்பவரோடு உறவு மேம்பட்டதாக நோயாளிகளே சொன்னார்கள். எனவே வீட்டில் விளையாடுவதை மருந்தாக நினைத்து அட்டவணை போடாதீர்கள். உறவுக்காக விளையாடலாம். முடியாத நாளில் விடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வீட்டுக்கு வரும் உறவினர்கள் ஆடும் ஒரு விளையாட்டை மட்டும் தடுத்தே ஆக வேண்டும். செருப்பைக் கழற்றியதும் நேரே போய் முகத்துக்கு முன்னால் நின்று, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பார்கள். ஞாபகத்தைத் தட்டியெழுப்புவதாக அவர்களுக்கு நினைப்பு. பதில் வராவிட்டால் முகம் தொங்கிவிடும், அதை நோயாளியும் பார்ப்பார். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "உள்ளே போனதும் நீங்களே பெயரையும் ஊரையும் சொல்லிட்டு உக்காருங்க மாமா."

விளையாட்டே இல்லாத ஒரு வழி

இதைப் பலர் யோசிப்பதில்லை. அப்பாவுக்கு வேண்டியது ஞாபகம் அல்ல, முன்போலத் தானே காபி போட வேண்டும் என்பதாக இருக்கலாம். அல்லது மகளுக்குத் தானே போன் போட வேண்டும். அப்படி ஒரு குறிப்பிட்ட காரியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் வழிபண்ணுவது அறிவாற்றல் மறுவாழ்வு. லிண்டா கிளேர் தலைமையில் பிரிட்டனில் 475 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், எடுத்துக்கொண்ட காரியங்களைச் செய்வதில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. மற்ற நினைவுத் தேர்வுகளில் மாற்றம் இல்லை, அது எதிர்பார்த்ததுதான்.

முறை எளிது. போனில் மகளின் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்துவிட்டு, "மகளுக்குப் பேச இந்தப் படத்தைத் தொடுங்க" என்று முதலில் நாமே சொல்லிக் காட்டுவது. ஊகிக்க விடக்கூடாது; தப்பாக ஊகித்தால் தப்பே பதிந்துவிடும். அரை நிமிடம் கழித்துச் செய்யச் சொல்வது, அப்புறம் ஒரு நிமிடம், இரண்டு, நாலு என்று இடைவெளியை நீட்டுவது. தடுமாறினால் உடனே காட்டிவிட்டு முந்தைய இடைவெளிக்குத் திரும்புவது. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைத்தால் சில அமர்வுகளில் வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிடுவார். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு, அதுவும் விளையாட்டு என்றாலே "நான் என்ன குழந்தையா?" என்று கோபப்படுபவருக்கு, இதுதான் பொருத்தம்.

அப்படியானால் எதை எடுப்பது

மையம் எட்டும் தூரத்தில் இருந்து, ஆரம்ப அல்லது நடுத்தர நிலை என்றால் யோசிக்காமல் குழு. பலன் மட்டும் காரணம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் ஒரு குட்டித் தூக்கம் போடலாம், வங்கிக்குப் போய் வரலாம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: நடத்துபவர் சிஎஸ்டி பயிற்சி எடுத்தவரா, ஒரு குழுவில் எத்தனை பேர், ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்து வைக்கிறார்களா, 14 அமர்வு முடிந்ததும் வாரம் ஒரு முறையாவது தொடர்கிறார்களா. டிவி முன்னால் வரிசையாக உட்காரவைத்துவிட்டுத் தூண்டல் சிகிச்சை என்று பெயர் வைக்கும் இடமும் இருக்கும். ஒரு அமர்வைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

மையம் இல்லாத ஊரில் வீட்டு விளையாட்டு. முடிந்தால் தெருவில் இன்னும் இரண்டு மூதாட்டிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு டிமென்ஷியா இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; கோயில் மண்டபம், அபார்ட்மெண்ட் ஹால் எதுவானாலும் போதும். பக்கத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள முதியோர் உதவி எண் 14567க்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தன் காரியத்தைத் தானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவருக்கு மறுவாழ்வு வழி. அதைக் குழுவோடும் சேர்த்தே செய்யலாம். ஆப் கடைசி. ஏற்கெனவே டேப்லெட் இருந்தால் பழைய பாட்டுப் போட அதைப் பயன்படுத்துங்கள், ஆண்டுச் சந்தாவைக் கட்டாதீர்கள். அந்தப் பணம் ஆட்டோவுக்கு ஆகும்.

எதை எடுத்தாலும் ஏழெட்டு வாரம் பார்க்கலாம். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். அடுத்த முறை கூப்பிட்டால் வருகிறாரா, அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடுகிறாரா, எரிச்சல் குறைந்ததா என்று பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து பலகையைத் தள்ளிவிட்டால் வேறு விளையாட்டுக்கு மாறுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

ஆனால் போன வாரம்வரை உற்சாகமாகக் காய் உருட்டியவர் திடீரென்று இந்த வாரம் பலகையையே அடையாளம் தெரியாமல் விழித்தால், "நோய் முற்றிவிட்டது" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். டிமென்ஷியா இரண்டு நாளில் அப்படிச் சரியாது. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, கீழே விழுந்ததில் தலையில் பட்ட அடி, பக்கவாதம் இப்படி ஏதாவது இருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.